பத்து நாற்பதுக்கு வந்த கருத்து

ஐம்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்றால் ஆரணியில் யாரும் நம்புவதில்லை. "எந்த ஆபீசுக்குப் போனே, ரிட்டையர் ஆவறதுக்கு?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். பன்னிரண்டு வருடம் நான் போய்வந்த அலுவலகம் எங்கள் வீட்டு பிரிட்ஜை ஒட்டிப் போட்ட ஒரு மேசை. ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தில், கட்டுரைகளுக்கு அடியில் வாசகர்கள் எழுதும் கருத்துகளைப் படித்து, வெளியே விடலாமா கூடாதா என்று தீர்மானிப்பது என் வேலை; மட்டுறுத்துநர் என்பார்கள். இப்போது அதை ஒரு மென்பொருள் செய்கிறது. அதற்குச் சம்பளம் வேண்டாம், முதுகுவலி கிடையாது, முக்கியமாகப் பேய்ப் பயம் கிடையாது. அது தடுமாறும் இடங்களைப் பார்த்துக்கொள்ள மிச்சம் வைத்திருக்கும் இளையவர்கள், "சார், உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்த கேஸ் எது, எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். எழுதுகிறேன். சிரிப்பதானால் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். இதில் வரும் மற்றவர்களைப் பார்த்து வேண்டாம்.

நான் வேலை கற்ற கதை சின்னது. வேலூரில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்தினேன். அப்புறம் ஒரு நாளிதழில் மெய்ப்புப் பார்த்தேன். நாளிதழ் மெலிந்தபோது அதன் இணையதளத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பயிற்சி மூன்று நாள். நாலாம் நாள் ஆரணிக்கு வந்து பிரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையான பயிற்சி மாலதி மேடத்திடம் கிடைத்தது. சென்னையில் இருந்த எங்கள் ஆசிரியர். குரலை உயர்த்தியே பேசமாட்டார். போனில் நாம் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, லைன் கட்டாகிவிட்டதோ என்று நாம் பயப்படும் அளவுக்குச் சும்மா இருப்பார். பிறகு "இன்னொரு தடவை படிங்க குமார் சார்" என்பார். தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. சந்தேகமான கருத்தை வாய்விட்டு மூன்று தடவை படிக்க வேண்டும் என்பது அவர் வைத்த முறை. எழுதியவராக ஒரு தடவை, திட்டு வாங்குகிறவராக ஒரு தடவை, இரண்டு பேரையும் தெரியாத பக்கத்து வீட்டுக்காரராக ஒரு தடவை. அப்படிப் படித்து முடித்த பிறகே பொத்தானில் கை வைக்க வேண்டும். விடு, நிறுத்தி வை, ஒதுக்கு என்று மூன்று பொத்தான்கள். இந்த மூன்று குரல் பயிற்சியை நான் அடுப்பில் குழம்பை வைத்துக்கொண்டு செய்ததில், பால் ஊற்றும் அம்மா என் மனைவி சாந்தியை வழியில் நிறுத்தி, "சார் தனியா யார்கிட்டயோ சண்டை போட்டுகினு இருக்காரும்மா, பாத்துக்குங்க" என்று சொல்லியிருக்கிறார்.

குழம்பு என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். சாந்தி சேத்துப்பட்டில் பள்ளித் தலைமையாசிரியை. காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். வீட்டில் இருப்பவன் நான் என்பதால் சமையல் என்னுடையது. எங்கள் தளத்தில் அதிகக் கூட்டம் கூடுவதோ ஞாயிறு குடும்பப் பக்கத்தில், ஆண் வேலை எது, பெண் வேலை எது, இரண்டும் இடம் மாறலாமா என்கிற கட்டுரைகளுக்கு அடியில். ஊறுகாய் போடுவது எப்படி என்று எழுதினால் நாலு பேர் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். ஊறுகாய் போடும் கணவர் என்று எழுதினால் தெருவே திரண்டுவிடும். 'பொட்டையா நீ' என்று யாரோ யாரையோ கேட்டிருப்பதை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டே மறு கையால் நான் வெண்டைக்காய் நறுக்கிய நாட்கள் உண்டு. கத்தியை எந்தக் கையில் பிடிப்பது என்பதில் மட்டும் கவனமாக இருப்பேன்.

அந்தக் கூட்டத்தில் இரண்டு பெயர்கள் எனக்குப் பழகியவை. ஒருவர் 'பழைய தறி'. பெண்கள் வேலைக்குப் போவது, குறிப்பாகத் தறியில் உட்காருவது, அவருக்கு ஆகாது. பெண்பிள்ளை நூல் சுற்றிக் கொடுக்கலாம், நெய்வது ஆண்பிள்ளைக்கு என்று திரும்பத் திரும்ப எழுதுவார். வசவு உண்டு, ஆனால் விதியின் விளிம்பைத் தாண்டாது. அவருக்குப் பதில் எழுதும் இன்னொரு பெயர் 'ஒரு நெசவாளி'. நிதானமான ஆள். தறிக்கு எதிரே இருப்பது ஆணா பெண்ணா என்று புடவைக்குத் தெரியாது என்பது போல இரண்டே வரி எழுதுவார். அவரை நான் முறுக்கு மீசையும் தோளில் துண்டுமாக மனதில் வரைந்து வைத்திருந்தேன். மூன்று வருடம் இந்த இருவரும் மோதினார்கள். 'பழைய தறி' ஒரு நாளைக்குச் சரியாக மூன்று வேளை வருவார். காலை பத்து நாற்பது, மதியம் ஒன்றேகால், மாலை நாலு. பத்து நாற்பது ஆனால் அவர் வந்தாரா என்று பார்த்துவிட்டு நான் உலை வைப்பேன்.

போன வருடம் கோடையில் பக்கத்துத் தெருவில் ஒரு நெசவுக்காரர் இறந்துபோனார். எனக்கு முன்பின் பழக்கமில்லை. ஆனாலும் பக்கத்துத் தெரு என்றால் போய்த் தலைகாட்டத்தான் வேண்டும். மாலை போட்டுவிட்டு ஷாமியானா நிழலில் உட்கார்ந்தேன். தேசூரிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் என் வேலையை விசாரித்தார். சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்டீன்னா எங்க மாமாவை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே. அதுலதான் எழுதிகினு இருந்தாரு. பழைய தறின்னு பேரு."

உள்ளே எட்டிப் பார்த்தேன். மூன்று வருடம் நான் வாசலில் நிறுத்தி வைத்து, உள்ளே விட்டு, சிலசமயம் திருப்பி அனுப்பிய மனிதர் ஐஸ் பெட்டிக்குள் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார். ஒரு கும்பிடு போட்டேன். சுடுகாடு வரை போனேன். கண்ணால் பார்த்த சாவு. இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காலை பத்து நாற்பதுக்கு 'பழைய தறி' வந்தார்.

வரிசையில் பெயரைப் பார்த்ததும் எங்கோ சிக்கிக் கிடந்த பழைய கருத்து தாமதமாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். நேரத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எழுதியது. அந்த வாரக் கட்டுரைக்கு அடியில் போட்டது. எழுதியிருந்தது இது:

"இங்க எனக்கு ஒரே இருட்டா இருக்குது. யாரு மூஞ்சியும் தெரியல. ஆனா நீங்க பேசறது ஒண்ணொண்ணும் காதுல விழுந்துகினுதான் இருக்குது. எடத்த விட்டு எறங்கினவனுக்கு அப்புறம் எடமே இல்ல."

வெளியே பதினோரு மணி வெயில். எதிர்வீட்டு விசைத்தறி லொடலொடவென்று ஓடிக்கொண்டிருந்தது. குக்கர் மூன்று விசில் அடித்தது, ஐந்து அடித்தது, ஏழு அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. மூன்று குரலில் படிக்க வேண்டுமே. எழுதியவராகப் படிக்க வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்தக் குரலில் நான் படித்து, அதற்கு அவர் பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது? பேசாமல் 'விடு' பொத்தானை அழுத்திவிட்டேன். எதற்கு அவரை விரோதித்துக்கொள்வது? பேய்க்குப் பயந்து ஒரு கருத்தை அனுமதித்த மட்டுறுத்துநர் நம் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒன்றேகாலுக்கு அடுத்தது வந்தது. இது பச்சையான வசவு. பெயர் சொல்லாமல் ஒரு பெண்ணை, வீட்டுக்குள் இருக்கும் ஒருத்தியை, எழுதக்கூடாத வார்த்தைகளில் திட்டியிருந்தார். உயிரோடு இருந்தபோது இப்படி எழுதியவர் அல்ல. கட்டையில் போனபின் நாக்கு தடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதையும் விட்டேன். மாலை நாலுக்கு மூன்றாவது.

"நானும் சொல்லிகினே இருக்கறேன், ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கறீங்க. என்னமோ நான் இங்க இல்லாத மாதிரி."

நான் மேசையிலிருந்து எழுந்து, கொல்லைப்புறம் போய், துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் நாலே நிமிடத்தில் 'ஒரு நெசவாளி' அவருக்குப் பதில் எழுதியிருந்தார். "கேட்டுகினுதான் இருக்கறோம். சொல்லுங்க." அவ்வளவுதான். அவர் செத்துப்போனதே தெரியாதது போன்ற பதில்.

மாலை சாந்தியிடம் சொன்னேன். கைப்பையை மாட்டிவிட்டு நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். "அந்த மனுஷன் செத்தும் டைமுக்கு வேலைக்கு வராரு. நீங்க உயிரோட இருந்துகினு சாதத்த அடி புடிக்க விட்டிருக்கீங்க" என்றாள்.

ஒரு வாரம் இப்படியே போயிற்று. தினமும் ஒன்று அல்லது இரண்டு, அதே வேளைகளில். நான் கழுத்தில் அம்மன் கோயில் கயிறு கட்டிக்கொண்டேன். திருநீறு பூசிக்கொண்டேன். கீபோர்டுக்கும் கொஞ்சம் பூசினேன், சில எழுத்துகள் இறுகிப்போயின. அவர் இறந்த பத்தாம் நாள்தான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் எங்களிடம் ஒரு விவரப் பக்கம் உண்டு. எந்தக் கருவியிலிருந்து எழுதுகிறார் என்று அதில் ஓர் எண் இருக்கும். 'பழைய தறி'யின் எண்ணைப் பார்த்தேன். ஏதோ தோன்றி 'ஒரு நெசவாளி'யின் எண்ணையும் பார்த்தேன். இரண்டும் ஒன்று. மூன்று வருடமாக ஒரே போன். ஒரே போனுக்குள் இருந்துகொண்டு இரண்டு பேர் சண்டை போட்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் செத்தும் போயிருக்கிறார்.

'பழைய தறி'யின் கணக்கைப் பூட்டிவிட்டு மாலதி மேடத்தைக் கூப்பிட்டேன். முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "இறந்தவர் கணக்கை மூடறது விதிதான். ஆனா வீட்டில ஒருத்தரைக் கேட்டுட்டு மூடறது மரியாதை. நீங்க பூட்டிட்டு என்னைக் கேக்கறீங்க."

மறுநாள் பத்து நாற்பதுக்கு 'பழைய தறி' வரவில்லை. வந்தது 'ஒரு நெசவாளி'. எந்தக் கட்டுரைக்கும் சம்பந்தமில்லாமல், நேராக எனக்கே எழுதியது போல:

"அவரை ஏன் நிறுத்தினீங்க? இன்னும் நாலு பாக்கி. காரியத்துக்குள்ள முடிக்கணும்."

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஐந்து நாள் இருந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வீரம் ஒன்றும் இல்லை. அந்த வரியோடு வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, அதுதான் காரணம்.

வாசல் திறந்திருந்தது. முன்கூடத்தில் தறி. துக்க வீடு என்பதால் அதன்மேல் வேட்டி போட்டு மூடியிருந்தார்கள். நெய்பவர் காலை விட்டு உட்காரும் குழியில் யாரும் இல்லை. ஆனால் தறி டக், டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன். அப்புறம்தான் மேலே பார்த்தேன். டிசைனுக்காகத் தறிக்கு மேலே கோத்துத் தொங்கவிட்டிருந்த ஓட்டை போட்ட அட்டைகள் மின்விசிறிக் காற்றில் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டிருந்தன. தெரிந்த பிறகும் சத்தம் என்னவோ தறி ஓடுகிற மாதிரியேதான் இருந்தது.

உள்ளேயிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வந்தார். இறந்தவரின் மனைவி, கோமதி. நான் யாரென்று சொன்னேன். தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் போல அவர் பயப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, ரொம்ப நாளாகப் பார்க்க நினைத்த ஆள் வந்ததுபோல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவர் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். சர்க்கரை வியாதியில் அவர் கணவருக்கு ஐந்து வருடத்துக்கு முன்பே இரண்டு கண்ணும் போய்விட்டன. இழை தெரியாமல் தறியிலிருந்து இறங்கினார். அந்தக் குழியில் இந்த அம்மாள் இறங்கினார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, தடவித் தடவி, நெய்வதற்கு நூல் சுற்றிக் கொடுத்தார். கை ஓய்வுக்காக அம்மாள் எழுந்திருக்கும் மூன்று வேளையும் எங்கள் குடும்பப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு அவர் சொல்லச் சொல்ல இவர் அடிக்க வேண்டும். பெண்பிள்ளை தறியில் உட்காரக்கூடாது என்று அவர் சொல்ல, தறியில் இருந்து எழுந்து வந்த விரலால் இவர் அதை எழுத்துத் தவறாமல் அடித்திருக்கிறார். அப்புறம் தனக்கென்று 'ஒரு நெசவாளி' என ஒரு கணக்கு திறந்து, அதற்குப் பதிலும் எழுதியிருக்கிறார். அந்தப் பதிலையும் அவருக்கே வாசித்துக் காட்டியிருக்கிறார்.

"அத கேட்டுட்டு இன்னா சொல்வாருன்னா, யாரோ தொழில் தெரிஞ்ச ஆம்பள, புத்திதான் கொஞ்சம் கோணல்ன்னுவாரு" என்றார். சொல்லும்போது லேசாகச் சிரித்தார். முறுக்கு மீசையை நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப அவரு போனப்புறம் வந்ததெல்லாம் யாரு எழுதினது, அக்கா?" என்று கேட்டேன்.

"அவருதான்."

மின்விசிறிக் காற்றில் அட்டைகள் தட்டிக்கொண்டன. கழுத்துக் கயிற்றைத் தொட்டுக்கொண்டேன்.

அம்மாள் போனை எடுத்து நீட்டினார். அதில் குறிப்பு எழுதி வைக்கும் இடத்தில் தேதி போட்டு வரிசையாக இருந்தன. ரொம்பக் கோபமான நாட்களில் அவர் சொன்னவை. இருட்டைப் பற்றி, இடம் போனதைப் பற்றி, தன் மனைவியைப் பற்றி. எல்லாம் உயிரோடு இருந்தபோது அவர் சொன்ன வார்த்தைகள்தான்.

"இதெல்லாம் என்னைத்தானே திட்டறாரு. ஊரு படிக்குமேன்னு நான் அனுப்பல சார். அடிக்கிற மாதிரி நடிக்கவும் முடியாது. அவருக்குக் காது கூர்மை, எழுத்து தட்டற சத்தத்த எண்ணிகினு இருப்பாரு. அதனால இங்க அடிச்சி வெச்சிடுவேன். போட்டுட்டியான்னு கேப்பாரு. போட்டாச்சின்னுவேன். அப்புறம் காத்துகினு இருப்பாரு. யாரு இன்னா சொன்னாங்க, யாரு இன்னா சொன்னாங்கன்னு. யாரும் ஒண்ணும் சொல்லலன்னுவேன். ஒருவாட்டி ரெண்டு நாளு வாயே தெறக்கல. நான் சொன்னா இப்பல்லாம் யாருக்கும் கேக்கலியான்னாரு."

தறியைப் பார்த்துக்கொண்டே, "பொணத்துக்கு வாயக் கட்டறோமே, அத நான் முன்னாடியே கட்டிட்டேன். காரியத்துக்குள்ள அவிழ்த்துடணும்" என்றார்.

நான் பன்னிரண்டு வருடமாகச் செய்கிற வேலையை இந்த அம்மாள் எனக்கு முன்னால் உட்கார்ந்து செய்திருக்கிறார். என்னிடம் வந்ததெல்லாம் அவர் வடிகட்டி அனுப்பியது. நான் ஒதுக்கினால் யாரோ முகம் தெரியாத ஒருவர் கோபித்துக்கொள்வார், அவ்வளவுதான். அவர் ஒதுக்கியதோ தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தது.

விதி தெளிவாக இருந்தது. வசவு கூடாது. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் கூடாது. இறந்தவர் கணக்கு கூடவே கூடாது. நான் வெளியே வந்து, வெயிலில் நின்று, மேடத்தைக் கூப்பிட்டேன். திட்டு வாங்குகிறவரே வந்து அதைப் போடச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டேன். இந்தத் தடவை நிசப்தம் இன்னும் நீளமாக இருந்தது. "அதுக்கு நம்மகிட்ட முறை எதுவும் இல்லை. நீங்க அங்க நிக்கறீங்க குமார் சார். நீங்களே முடிவு பண்ணுங்க. கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றார். பூட்டை அங்கேயே, போனிலேயே திறந்தேன்.

அடுத்த மூன்று நாளில் மூன்று வந்தன. மூன்றும் கடுமையானவை. நான் மூன்று குரலிலும் வாய்விட்டுப் படித்தேன், திட்டு வாங்குகிறவராகப் படிக்கும்போது மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஒவ்வொன்றையும் விட்டேன். வாசகர்கள் வழக்கம்போல அவரோடு மல்லுக்கு நின்றார்கள். "பெரியவரே, முதல்ல சோறாக்கக் கத்துக்குங்க" என்றார் ஒருவர். சிலர் அவர் பக்கம் நின்றார்கள். யாருக்கும் அவர் செத்தவர் என்று தெரியாது. முதல் தடவையாக அந்த வார்த்தைகளுக்கு மனிதர்கள் பதில் சொன்னார்கள். அந்த அம்மாள் அதையெல்லாம் உரக்க வாசித்திருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். வேட்டி போட்டு மூடிய தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு.

காரியத்துக்கு முந்தின நாள் மதியம், நான் கொடுத்துவிட்டு வந்திருந்த நம்பருக்குக் கோமதி அம்மாள் கூப்பிட்டார்.

"சார், கடைசி ஒண்ணு இருக்குது. நாலு மணிக்கு அனுப்பறேன். அத நீங்க படிங்க. படிச்சிட்டு ஒதுக்கிடுங்க. வெளிய விடாதீங்க."

"ஏங்க்கா, அவ்வளவு மோசமா?"

"இல்ல சார். அவரு போடுன்னாரு. அதனால அனுப்பியே ஆவணும். ஆனா அது ஊருக்கில்ல."

நாலு மணிக்கு வந்தது. ஐந்தே வரி. 'ஒரு நெசவாளி'க்குப் பதிலாக எழுதியது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு பதிலுக்கு. அதில் வசவு இல்லை, விதியை மீறிய ஒரு சொல் இல்லை. அவர் என்ன சொன்னார் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. முதல் சொல்லை மட்டும் சொல்கிறேன். 'கோமதி' என்று பெயர் சொல்லி அழைத்துத்தான் தொடங்கியிருந்தார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தட்டுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தவருக்கு, தான் ஒன்றும் சொல்லாத வேளையில் பக்கத்தில் அந்த விரல்கள் தட்டியதும் கேட்டிருக்கிறது. எவ்வளவு நாளாகக் கேட்டிருக்கிறது என்று தெரியவில்லை. பயம் எனக்குப் போயிருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் அப்போதுதான் முதுகில் சில்லென்று ஏறியது.

மூன்று குரலில் படிக்கவில்லை. ஒரே தடவை, வாய்க்குள் படித்தேன். 'ஒதுக்கு' பொத்தானை அழுத்தினேன். ஒதுக்கினால் காரணம் குறிக்க வேண்டும். வசவு, விளம்பரம், பொய்ச்செய்தி, தலைப்புக்குத் தொடர்பில்லாதது என்று ஒரு பட்டியல் விரியும். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் 'வேறு' என்பதைத் தொட்டேன். என்ன என்று கேட்டு ஒரு சின்னக் கட்டம் திறந்தது. நாம் அதில் எழுதுவது அப்படியே எழுதியவரின் போனுக்குப் போய்விடும்.

"உரியவர் படித்துவிட்டார்" என்று எழுதி அனுப்பினேன்.